ஐந்து கை எழுதும் ஒரே நிரல்: பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் குழுக்களில் எழுத்து நடை ஏன் சிதறுகிறது, எப்படிச் சேர்ப்பது

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை. விடியும் முன்பே மூட்டை மூட்டையாக மல்லி வந்து இறங்கும். எடை போடுவார்கள், அன்றைய விலைக்கு விற்பார்கள், கமிஷனைக் கழித்துக்கொண்டு விவசாயிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். இந்தக் கணக்குக்கு மதுரையிலேயே ஐந்து பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் பகுதி பைத்தானில், திரையில் தெரியும் பகுதி ஜாவாஸ்கிரிப்டில்.

ஆறு மாதம் கழித்து அந்த நிரலைத் திறந்தால், விவசாயிக்குச் சேர வேண்டிய தொகையைக் கணக்கிடும் வரி இரண்டு கோப்புகளில் இரண்டு விதமாக இருக்கிறது:

நிகரம்=எடை*விலை-(எடை*விலை*கமிஷன்/100)

நிகர_தொகை = எடை * விலை * (100 - கமிஷன்) / 100

12 கிலோ மல்லி, கிலோ 600 ரூபாய், கமிஷன் 10 சதவீதம் என்று போட்டுப் பார்த்தால் இரண்டும் 6,480 ரூபாய் என்றே சொல்லும். விடை சரியாக வரும்போது எப்படி எழுதினால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, எழுத்து நடை என்று எதைச் சொல்கிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## நடை என்ற சொல்லுக்குள் இருக்கும் மூன்று விஷயங்கள்

1. அமைப்பு. இடைவெளி எங்கே விடுவது, வரியை எங்கே மடிப்பது, உள்தள்ளலுக்கு டேபா ஸ்பேஸா, மேற்கோள் குறி ஒற்றையா இரட்டையா. இதை மாற்றினால் நிரலின் பொருள் பெரும்பாலும் மாறாது. (பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு, கீழே வருகிறது.)

2. பெயர். வேரியபிள் (ஒரு மதிப்பை வைக்கும் இடம்), ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு), கோப்பு ஆகியவற்றுக்கு என்ன பெயர், எந்த எழுத்துக்கூட்டல். மேலே உள்ள உதாரணத்தில் ‘நிகரம்’, ‘நிகர_தொகை’ இரண்டும் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்.

3. வழி. ஒரே வேலையைச் செய்ய மொழி பல வழி கொடுக்கும்போது எதைத் தேர்ந்தெடுப்பது. மொத்தத்திலிருந்து கமிஷனைக் கழிப்பதா, கமிஷன் போக மீதிச் சதவீதத்தால் பெருக்குவதா என்பது இந்த வகை.

குழுக்களில் நடக்கும் வாக்குவாதத்தில் இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடும். முதலாவதை முழுதாக இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். மூன்றாவதில் பாதியை ஒப்படைக்கலாம். இரண்டாவது ஏறக்குறைய முழுக்கவே மனிதர்களின் வேலை. நேரமெல்லாம் முதலாவதில் கரைந்து, இரண்டாவது கவனிக்கப்படாமல் போவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

## சில மொழிகள் ஏன் இவ்வளவு வளைந்துகொடுக்கின்றன

பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், பெர்ல், ரூபி போன்றவற்றை ஸ்கிரிப்டிங் மொழிகள் என்பார்கள். பெரும்பாலும் அவசர வேலைக்காகப் பிறந்தவை. 1987-ல் லாரி வால் வெளியிட்ட பெர்ல், ஒரு வேலையைச் செய்ய ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு என்பதையே தன் கொள்கையாக வைத்துக்கொண்டது. நிபந்தனையை வரியின் முன்னால் எழுதலாம், பின்னால் எழுதலாம், ‘இல்லையென்றால்’ என்று தலைகீழாகவும் எழுதலாம். ரூபியில் ஒரே வேலையைச் செய்யும் கட்டளைக்கு இரண்டு பெயர் இருக்கும். ‘மேப்’ என்றாலும் ‘கலெக்ட்’ என்றாலும் ஒன்றுதான். 1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதிய ஜாவாஸ்கிரிப்டில், வரி முடிவில் அரைப்புள்ளி வைக்க மறந்தால் மொழியே பல இடங்களில் வைத்துக்கொள்ளும்.

பைத்தான் இதற்கு எதிர்த்திசையில் போனதாகச் சொல்வார்கள். வெளிப்படையான வழி ஒன்றே ஒன்று இருப்பது நல்லது என்பது டிம் பீட்டர்ஸ் தொகுத்த பைத்தான் கொள்கைகளில் ஒன்று. உள்தள்ளலையும் பைத்தான் இலக்கணமாகவே ஆக்கிக்கொண்டது. ஆனாலும் ஒரு சொற்றொடருக்குள் எண்ணைச் செருக இன்றைக்கு அதில் குறைந்தது மூன்று முறைகள் உண்டு: பழைய சதவீதக் குறி, அப்புறம் வந்த ஃபார்மட், 2016-ல் 3.6 பதிப்போடு வந்த எஃப்-ஸ்ட்ரிங். பழைய இணையப் பக்கத்தைப் பார்த்துப் படித்தவர் ஒன்றை எழுதுவார், போன வருடம் கல்லூரி முடித்தவர் இன்னொன்றை எழுதுவார்.

இதோடு ஒப்பிட வேண்டியது கோ மொழி. 2009-ல் வெளிவந்தபோதே ‘கோஃபெம்ட்’ என்ற கருவியும் கூடவே வந்தது. நிரலை அதற்குள் விட்டால் ஒரே அமைப்பில்தான் வெளியே வரும், தேர்வுக்கு இடமே கிடையாது. அதன் அமைப்பு யாருக்கும் மிகப் பிடித்தமானது இல்லை, ஆனால் கருவி எல்லோருக்கும் பிடிக்கும் என்ற பொருளில் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் சொன்னது நிரலாளர்களிடையே பழமொழி போல ஆகிவிட்டது. நம் மொழிகளில் அந்த முடிவை மொழி எடுத்துக் கொடுக்கவில்லை. ஆகவே குழு எடுக்க வேண்டியிருக்கிறது.

## அமைப்பு தவறினால் கணக்கு தவறும் இடங்கள்

மீண்டும் பூக்கடைக்கு வருவோம்.

முதல் இடம்: எழுத்துக்கூட்டல். கடைக்காரர் கமிஷனை 10-லிருந்து 12 சதவீதமாக மாற்றச் சொல்கிறார். நிரலில் ஏற்கெனவே இருப்பது முதல் வரி. புதிதாக வந்தவர் சேர்ப்பது இரண்டாவது வரி:

கடை.கமிஷன் = 10

கடை.கமிசன் = 12

‘ஷ’ வர வேண்டிய இடத்தில் ‘ச’. ஜாவா போன்ற மொழியாக இருந்தால், ஓட்டும் முன்பே நிரலைப் படித்து மாற்றும் கம்பைலர், அப்படி ஒரு பெயரே இல்லை என்று அங்கேயே நிறுத்திவிடும். பைத்தான் ஒன்றும் சொல்லாது. ‘கமிசன்’ என்று புதிதாக ஓர் இடத்தை உருவாக்கி, அதில் 12-ஐ வைத்துவிட்டுப் போய்விடும். சீட்டு போடும் பகுதி பழைய ‘கமிஷன்’ என்பதைத்தான் பார்க்கிறது. 864 ரூபாய் கழிய வேண்டிய இடத்தில் 720 ரூபாய்தான் கழிகிறது. ஒரு சீட்டுக்கு 144 ரூபாய் வித்தியாசம். திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. மாதக் கடைசியில் கடைக்காரர் நோட்டைப் புரட்டும்போதுதான் தெரியவரும்.

இந்த ஆபத்து பைத்தானுக்கு மட்டும் உரியதன்று. பெர்லில் ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’ என்ற கட்டுப்பாட்டு வரியைப் போடாவிட்டால் இதே கதை. ஜாவாஸ்கிரிப்டில் அறிவிக்காத பெயரில் மதிப்பு வைப்பதைத் தடுக்க 2009-ல் ‘ஸ்ட்ரிக்ட் மோட்’ வந்தது. ஆனால் ‘கடை’ போன்ற ஒரு பொருளுக்குள் (ஆப்ஜெக்ட்) ‘கமிசன்’ போன்ற புதுப் பண்பு முளைப்பதை அதுவும் தடுக்காது. பிஎச்பி இதை உணர்ந்து, 2022 டிசம்பரில் வந்த 8.2 பதிப்பில், அறிவிக்காத பண்பைப் பொருளுக்குள் உருவாக்குவதை விலக்கத்தக்கதாக அறிவித்து எச்சரிக்கை காட்டத் தொடங்கியது. பைத்தானில் ‘ஸ்லாட்ஸ்’ என்ற வசதியைப் பயன்படுத்தினால் பட்டியலில் இல்லாத பெயரை அது ஏற்காது, 3.10 பதிப்பிலிருந்து, தரவை வைக்க உதவும் டேட்டாகிளாஸ் என்ற வகுப்பிலேயே ஒரு சொல்லில் இதைச் சொல்லிவிடலாம். பண விவகாரம் உள்ள வகுப்புகளில் (கிளாஸ், அதாவது பொருள்களுக்கான அச்சு) இதைப் போடாமல் விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது இடம்: வரி மடிப்பு. வரி நீளமாகப் போகிறதென்று ஒருவர் இப்படி மடிக்கிறார்:

மொத்தம் = எடை * விலை

\- கழிவு

பார்வைக்குக் கழித்தல் கணக்கு போலத் தெரிகிறது. பைத்தானுக்கு இது இரண்டு தனித்தனி வாக்கியம். முதல் வரியோடு கணக்கு முடிந்தது. இரண்டாவது வரியில் ‘கழிவு’ என்பதன் எதிர்க்குறி மதிப்பைக் கண்டுபிடித்து, யாரும் கேட்காததால் தூக்கிப் போட்டுவிடும். கழிவு கழியவே இல்லை! இரண்டு வரியையும் சேர்த்து ஓர் அடைப்புக்குறிக்குள் வைத்திருந்தால் பிழை இல்லை. பைத்தானின் அதிகாரப்பூர்வ நடை வழிகாட்டியான ‘பெப் 8’, மடிக்கும்போது அடைப்புக்குறியைப் பயன்படுத்தச் சொல்வதற்கு இப்படியும் ஒரு பலன் இருக்கிறது. 2016 முதல் அது, கூட்டல், கழித்தல் போன்ற குறியை அடுத்த வரியின் தொடக்கத்தில் வைக்கும்படி பரிந்துரைக்கிறது. அந்தப் பரிந்துரையின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அடைப்புக்குறியை விட்டால் மேலே உள்ள பிழை வந்து நிற்கும்.

ஜாவாஸ்கிரிப்டில் இதன் உடன்பிறப்பு, ‘ரிட்டர்ன்’ என்று எழுதிவிட்டு விடையை அடுத்த வரிக்குத் தள்ளுவது. மொழி ‘ரிட்டர்ன்’ சொல்லுக்குப் பின்னாலேயே அரைப்புள்ளி வைத்துக்கொள்ளும். ஃபங்ஷன் வெறுங்கையோடு திரும்பும். அதை வைத்துக் கூட்டல் போட்டால் ‘எண் அல்ல’ என்று வரும்.

மூன்றாவது இடம்: கண்ணுக்குத் தெரியாத வரி முடிவு. விண்டோஸ் கணினி வரி முடிவில் இரண்டு குறி வைக்கும், லினக்ஸ் ஒன்று வைக்கும். விண்டோஸ் மடிக்கணினியில் சேமித்த ஸ்கிரிப்ட் லினக்ஸ் சர்வரில், ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று முதல் வரியிலேயே விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். நிரலில் யார் என்ன மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் கருவியான கிட்டில் (Git) ஒரு சிறு அமைப்புக் கோப்பு எழுதிவிட்டால் தீர்ந்தது.

## ஒரு வரி மாற்றம், நானூறு வரி சிவப்பு

பிழை வராத இடத்திலும் ஒரு செலவு இருக்கிறது. அது படிப்பவரின் செலவு. நிரல் எழுதப்படுவதைவிட மிக அதிகமான முறை படிக்கப்படுகிறது என்ற பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ரோசமின் கருத்தின் மேல்தான் ‘பெப் 8’ முழுவதும் நிற்கிறது. 2001-ல் எழுதப்பட்ட அந்த ஆவணம் இன்றும் திருத்தப்பட்டு வருகிறது.

ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் படித்து ஒப்புதல் தரும் கோட் ரிவ்யூவில் இது எப்படித் தெரியும் என்று பாருங்கள். மேலூரில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒருவர் விலைப் பட்டியல் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றுகிறார். அவருடைய எடிட்டர், சேமிக்கும்போது தானாக டேபை எல்லாம் ஸ்பேஸாக மாற்றும்படி வைக்கப்பட்டிருக்கிறது. கமிட் செய்தால் (மாற்றத்தைக் கிட்டில் பதிந்தால்) நானூறு வரி அழிந்து நானூறு வரி புதிதாக வந்ததாகக் காட்டும். பழையதெல்லாம் சிவப்பு, புதியதெல்லாம் பச்சை. அந்த ஒரு வரி எங்கே என்று தேட வேண்டிய ரிவ்யூவர், நாலு பக்கம் உருட்டிப் பார்த்துவிட்டு ‘சரி’ என்று ஒப்புதல் கொடுத்துவிடுவார். தவறான மாற்றம் உள்ளே நுழைய இதைவிட அகலமான கதவு இல்லை.

அப்புறம், அந்த வரியை யார், எப்போது, ஏன் எழுதினார்கள் என்று கிட்டிடம் கேட்கும் ‘பிளேம்’ வசதியும் கெட்டுப்போகும். நானூறு வரிக்கும் மேலூர்க்காரர் பெயரே வரும். எழுதியவர் வேலை மாறி சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்ட பிறகு, நிரலின் வரலாறு ஒன்றுதான் நம்மிடம் மிச்சம். மதுரையில் ஒரு குழுவில் இரண்டு வருடம் அதே ஐந்து பேர் இருப்பது அரிது என்பதால், இது நமக்குக் கூடுதலாகவே வலிக்கும்.

## தமிழ்ச் சொல்லை எழுதும்போது வரும் தனிச் சிக்கல்

வெளிநாட்டுக் கட்டுரைகளில் கிடைக்காத பகுதி இது. நாம் எழுதும் மென்பொருளின் பொருளே தமிழில் இருக்கிறது: முழம், தரகு, கழிவு, சீட்டு, மரிக்கொழுந்து. இவை நிரலுக்குள் மூன்று வேடத்தில் வரும்.

1. ஆங்கில மொழிபெயர்ப்பாக. ‘தொகை’ என்பதை ஒருவர் அமௌன்ட் என்பார், இன்னொருவர் டோட்டல், மற்றொருவர் வேல்யூ. கமிஷன் கழிக்கும் முன்பா பின்பா என்ற முக்கியமான வேறுபாடு இந்தச் சொற்களில் தொலைந்துபோகும்.

2. ஆங்கில எழுத்தில் தமிழாக. மல்லிக்கு எல் ஒன்றா இரண்டா? தொகையை டி-க்குப் பின் எச் போட்டு எழுதுவதா, போடாமல் எழுதுவதா? ‘ழ’கரத்துக்கு இசட்-எச்சா, வெறும் எல்லா? ஒவ்வொருவருக்கும் பள்ளியில் தன் பெயரை எழுதிய பழக்கம் கையில் ஒட்டியிருக்கும். ‘கமிசன்’ பிழை பிறப்பதற்கு மிக வசதியான இடம் இதுதான்.

3. தமிழ் எழுத்திலேயே. பைத்தான் 3 இதை அனுமதிக்கிறது. 2007-ல் எழுதப்பட்ட ‘பெப் 3131’ என்ற பைத்தான் முன்மொழிவு வழியாக வந்த வசதி. இந்தக் கட்டுரையின் உதாரண வரிகளை அப்படியே ஓட்டலாம். பொருள் சட்டென்று விளங்கும். ஆனால் தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. ஆகவே வகுப்புப் பெயரின் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்கும் வழக்கம் இங்கே செல்லாது. அடிக்கோடு மட்டும்தான் வழி. ஒற்று இன்னொரு பிரச்சினை. ‘விலைப்பட்டியல்’, ‘விலைபட்டியல்’ இரண்டும் நிரல் மொழிக்கு வெவ்வேறு பெயர். தமிழாசிரியர் சிவப்பு மையில் சுழிக்கும் பிழை இங்கே கணக்கையே மாற்றும்.

இதைவிட ஆழமான குழி, எழுத்துகளைக் கணினியில் எண் குறியீடுகளாகச் சேமிக்கும் யூனிகோடில் இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியீடாக ஒரு விதம், எகரக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியீடாக இன்னொரு விதம். திரையில் இரண்டுக்கும் துளி வித்தியாசம் தெரியாது. கீபோர்டையும் பழைய கோப்புகளை மாற்றித் தந்த மென்பொருளையும் பொறுத்து எது வரும் என்பது மாறும். ‘மரிக்கொழுந்து’ என்று வேரியபிளுக்குப் பெயர் வைத்தால், பைத்தான் இரண்டு வடிவத்தையும் உள்ளுக்குள் ஒன்றாக்கிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றாக்காது, இரண்டு வெவ்வேறு வேரியபிள் என்றே எடுத்துக்கொள்ளும்.

பைத்தானிலும் முழுப் பாதுகாப்பு இல்லை. பெயரைத்தான் அது ஒன்றாக்கும், மேற்கோளுக்குள் இருக்கும் சொல்லை ஒன்றாக்காது. விலை["மரிக்கொழுந்து"] என்று அகராதியில் (பெயருக்கு எதிரே மதிப்பை வைக்கும் பைத்தான் பட்டியல்) தேடும்போது, உள்ளே இருப்பது ஒரு வடிவம், தேடுவது மறு வடிவம் என்றால், கண்ணெதிரே இருக்கும் பூவை ‘இல்லை’ என்று சொல்லிவிடும். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பார்த்தாலும் பிடிபடாத பிழை இது. தீர்வு எளிது: வெளியிலிருந்து வரும் எந்தத் தமிழ்ச் சொல்லையும் உள்ளே எடுக்கும் வாசலிலேயே ‘என்எஃப்சி’ (இப்படிப் பிரிந்திருக்கும் குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு முறை) வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். இதையும் குழுவின் நடை விதிகளில் ஒன்றாக எழுதி வைக்க வேண்டும்.

## கருவிகள் என்ன செய்கின்றன

இரண்டு வகையைப் பிரித்துப் புரிந்துகொண்டால் போதும்.

ஃபார்மட்டர் அமைப்பை மட்டும் தொடும். நிரலைப் படித்து இலக்கண மரமாக மாற்றிக்கொண்டு, நீங்கள் விட்ட இடைவெளியையும் மடிப்பையும் பெரும்பாலும் மறந்துவிட்டு, மரத்திலிருந்து புதிதாக எழுதிக் கொடுக்கும். பைத்தானுக்கு 2018-ல் வூகாஷ் லாங்கா வெளியிட்ட ‘பிளாக்’, ஜாவாஸ்கிரிப்டுக்கு 2017-ல் வந்த ‘பிரெட்டியர்’ இரண்டும் பரவலாகப் புழங்குபவை. பிளாக், மாற்றியதற்கு முன்னும் பின்னும் பொருள் ஒன்றுதானா என்று தானே சரிபார்த்துக்கொள்ளும். வரி நீளத்தை ‘பெப் 8’ 79 எழுத்து என்கிறது, குழு ஒப்புக்கொண்டால் 99 வரை போகலாம் என்கிறது. பிளாக் 88 என்கிறது, பிரெட்டியர் 80 என்கிறது. எந்த எண் என்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே எண்ணாக இருந்தால் சரி.

லிண்டர் சந்தேகத்துக்கு இடமான இடத்தைச் சுட்டிக்காட்டும். 1970-களின் பிற்பகுதியில் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக எழுதிய கருவிக்கு வைத்த பெயரிலிருந்து வந்த சொல் இது. லிண்ட் என்றால் துணியில் ஒட்டிக்கொண்டு வரும் பஞ்சுப் பிசிறு. பஞ்சாலைகளால் வளர்ந்த மதுரையில் அதை விளக்க வேண்டியதில்லை. துணி நன்றாக இருந்தாலும் பிசிறைத் தட்டிவிட்டுத்தான் மடிப்பார்கள். மேலே பார்த்த ‘- கழிவு’ வரி எதற்கும் பயன்படவில்லை என்று பைலிண்ட் போன்ற கருவி சொல்லிவிடும். ஜாவாஸ்கிரிப்டுக்கு 2013-ல் நிக்கோலஸ் ஜாக்கஸ் தொடங்கிய ‘ஈஎஸ்லிண்ட்’, பிஎச்பிக்கு ‘பிஎஸ்ஆர்-12’ என்ற பொது விதித்தொகுப்பு, ரூபிக்கு ‘ரூபோகாப்’. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ‘ரஃப்’ பைத்தானுக்கு இரண்டு வேலையையும் மிக வேகமாகச் செய்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

கருவியால் வரும் இன்னொரு நன்மையை நம் ஊர்ச் சூழலில் குறிப்பிட்டே ஆக வேண்டும். குழுவில் சேர்ந்து மூன்று மாதமான ஒருவர், எட்டு வருட அனுபவம் உள்ளவரிடம் போய், “அண்ணே, இந்த இடத்துல ஸ்பேஸ் விட்டுப்போச்சு” என்று சொல்லத் தயங்குவார். சொன்னாலும், “அதெல்லாம் பெரிசா தம்பி, வேலை ஓடுதுல்ல” என்று பதில் வரும். அடுத்த முறை அவர் வாயைத் திறக்க மாட்டார். உண்மையான கணக்குப் பிழையைக் கண்டால்கூட யோசிப்பார். அதே குறையைக் கருவி சொன்னால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. தம்பியின் துணிச்சலை, பேச வேண்டிய விஷயத்துக்கு மிச்சம் பிடித்து வைக்கலாம்.

## ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் நடையைக் கொண்டுவரும் வரிசை

புதுத் திட்டத்தில் முதல் நாளே வைத்துவிடலாம், சிரமமில்லை. ஏற்கெனவே ஓடுகிற நிரலில் வரிசை முக்கியம்.

1. ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஃபார்மட்டரைத் தேர்ந்தெடுங்கள். அதன் இயல்பான அமைப்பை முடிந்தவரை மாற்றாதீர்கள். மாற்றும் ஒவ்வொரு விதியும் பின்னால் ஒரு வாக்குவாதத்துக்கு விதை.

2. பாதியில் நிற்கும் பிரான்ச்களை (தனியாகப் பிரித்து எழுதிவரும் பிரதிகளை) எல்லாம் முதலில் மெர்ஜ் செய்யுங்கள், அதாவது முதன்மை நிரலோடு சேருங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால் மோதல்களைத் தீர்ப்பதிலேயே வாரம் போய்விடும்.

3. முழு நிரலையும் ஒரே கமிட்டில் ஃபார்மட் செய்யுங்கள். அந்தக் கமிட்டில் வேறு ஓர் எழுத்துகூட மாறக் கூடாது.

4. அந்தக் கமிட்டின் எண்ணை ஒரு கோப்பில் எழுதி, பிளேம் பார்க்கும்போது அதைத் தவிர்க்கும்படி கிட்டிடம் சொல்லுங்கள். 2019-ல் வந்த 2.23 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. பழைய வரலாறு காப்பாற்றப்படும்.

5. கமிட் செய்யும் முன்பே கருவி தானாக ஓடும்படி ஒவ்வொருவர் கணினியிலும் வையுங்கள். அதே சோதனையைச் சர்வரிலும் வையுங்கள். கணினியில் வைக்க மறந்தவர் அங்கே மாட்டுவார்.

6. லிண்டர் விதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் போட்டால் ஆயிரக்கணக்கில் எச்சரிக்கை வரும், யாரும் ஒன்றைக்கூடப் படிக்க மாட்டார்கள். கணக்கைப் பாதிக்கும் விதிகளிலிருந்து தொடங்குவது நல்லது.

விதியை மீற வேண்டிய இடமும் வரும். வழிகாட்டியோடு ஒத்துப்போவதைவிடத் திட்டத்துக்குள் ஒத்துப்போவது முக்கியம், ஒரே கோப்புக்குள், ஒரே ஃபங்ஷனுக்குள் ஒத்துப்போவது அதைவிட முக்கியம் என்று ‘பெப் 8’ ஆவணமே சொல்கிறது. விலை அட்டவணை ஒன்றைப் பத்தி பத்தியாக நேர் நிறுத்தி எழுதினால்தான் கண்ணுக்குப் புரியும் என்றால், அந்த இடத்தில் மட்டும் ஃபார்மட்டரை நிறுத்தி வைக்கலாம்.

## கருவி எட்டாத இடம்: சொற்கள்

ஃபார்மட்டர் வைத்துவிட்டோம், வேலை முடிந்தது என்று நினைக்கும் குழுக்கள் உண்டு. ‘நிகரம்’, ‘நிகர_தொகை’ என்று ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருப்பதை எந்த ஃபார்மட்டரும் கண்டுபிடிக்காது. நிரல் எழுதித் தரும் ஏஐ கருவிகள் வந்த பிறகு இது இன்னும் கூடியிருக்கிறது. இடைவெளியும் மடிப்பும் அப்பழுக்கில்லாமல் இருக்கும். ஆனால் காலையில் கேட்டால் ஒரு பெயர் வைக்கும், சாயங்காலம் கேட்டால் வேறொரு பெயர் வைக்கும். சுத்தமாகத் தெரிவதாலேயே ரிவ்யூவில் கண் தப்பிப் போகும்.

இதற்கு மருந்து ஒரு சொல் பட்டியல். நிரலோடு கூடவே கிட்டில் இருக்கும் ஒரு சாதாரணக் கோப்பு. பூக்கடை மென்பொருளுக்கு அது இப்படித் தொடங்கலாம்:

1. மொத்தம்: எடையை விலையால் பெருக்கியது, கமிஷன் கழிக்கும் முன் உள்ள தொகை.
2. கமிஷன்_சதவீதம்: சதவீதமாக மட்டும். ரூபாயில் வந்தால் அதன் பெயர் கமிஷன்_ரூபாய்.
3. கழிவு_கிலோ: வாடியது, நசுங்கியது என்று எடையில் கழிப்பது. பணத்தில் கழிப்பதற்கு இந்தச் சொல் கூடாது.
4. நிகரம்: விவசாயியின் கையில் சேரும் தொகை. வேறு பெயர் கிடையாது.
5. எடை_கிலோ, எடை_கிராம்: அலகு இல்லாமல் ‘எடை’ என்று தனியாக எழுதக் கூடாது.

ஐந்தாவதைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். 250 என்று ஒரு எண் வந்து நிற்கிறது. அது கால் கிலோவா, 250 கிலோவா? மரிக்கொழுந்து என்றால் முதலாவதாக இருக்கலாம், முகூர்த்த நாளில் மல்லி என்றால் இரண்டாவதாகவும் இருக்கலாம். பெயருக்குள்ளேயே அலகு இருந்தால் இந்தச் சந்தேகமே எழாது. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் உள்ள இரண்டு வரிகளும் இந்த விதியில் தோற்றுப்போகும் என்பதைக் கவனியுங்கள். இரண்டிலும் வெறும் ‘எடை’தான் இருக்கிறது.

ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில், ஆங்கில எழுத்தில் எழுதும்போது என்ன எழுத்துக்கூட்டல் என்பதையும் எழுதிவிட வேண்டும். தமிழ் எழுத்திலேயே பெயர் வைப்பது அழகாக இருந்தாலும், ஒவ்வொரு வரியிலும் கீபோர்டை இரண்டு முறை மாற்ற வேண்டியிருப்பதால், ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல் என்ற வழிதான் நடைமுறையில் நிற்கும் என்று நினைக்கிறேன். கடைக்காரர் போனில் சொல்லும் சொல்லும் நிரலில் இருக்கும் சொல்லும் ஒன்றாக இருக்கும், இடையில் மொழிபெயர்ப்பு இல்லை.

பட்டியலில் இருக்கும் சொற்களையே ஏஐ கருவிக்கும் முன்கூட்டிக் கொடுத்துவிடலாம். புதிதாக ஒரு பூ வகையோ, புதிதாக ஒரு பிடித்தமோ வரும்போது, அந்த மாற்றத்தை எழுதுபவரே பட்டியலிலும் ஒரு வரி கூட்ட வேண்டும். கூட்டாமல் வந்தால், நிரல் எவ்வளவு சரியாக ஓடினாலும், ரிவ்யூவர் மெர்ஜ் செய்யாமல் திருப்பி அனுப்ப வேண்டும்.